தோற்ற மறுநாள் காலை

‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்பது பழைய சொல்வழக்கு. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது விரிஞ்சிபுரம். அங்கே மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்த மதிலைத்தான். எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று வியப்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும் அடிவரிசைக் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேலே தெரிகிற அழகு முழுவதும் அதன் தலையில்தான் நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் பொழுது விடியும்போதே ஷூ கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து நிற்கும். கையில் டிபன் பாக்ஸுடன் பெண்கள் ஏறிப் போவார்கள். டேனரியில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் வீடு திரும்புவார்கள். அதே நேரத்தில் மட்டையையோ பையையோ தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள் மனதில் ஒரு கேள்வி எழும். ‘இவ்வளவு பாடுபட்டு இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகிறது?’

நியாயமான கேள்விதான். ஒரு நாள் சம்பளம் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. பதில் தேட இந்திய ஹாக்கியின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

ஆரணியில் பிறந்த கேப்டன்

வேலூருக்குத் தெற்கே இருக்கும் ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 1950-ல் அங்கே பிறந்தவர் வாசுதேவன் பாஸ்கரன். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் எட்டாவது தங்கம் அது. ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

மாஸ்கோ எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் மாண்ட்ரியலில் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கிப் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா, 1976-ல் ஏழாவது இடம் பிடித்து வெறுங்கையோடு வந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அப்போதுதான். புல்தரையில் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு போவது நம்மவர் கலை. புதிய தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறந்தது. கலையோடு வேகமும் மூச்சுத்திறனும் வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் தோலுறை போட்டுத் தைத்த ஹாக்கிப் பந்தே இந்தத் தரைக்காகப் பின்னர் பிளாஸ்டிக்காக மாறியது. அப்படியென்றால் ஆட்டக்காரர்கள் எவ்வளவு மாற வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஏழாம் இடத்து அணியில் பாஸ்கரனும் இருந்தார். மாஸ்கோவுக்குப் போன அணியில் ஏற்கெனவே ஒலிம்பிக் ஆடிய அனுபவம் இரண்டே பேருக்குத்தான். ஒருவர் பாஸ்கரன், இன்னொருவர் கோல்கீப்பர் பீர் பகதூர் சேத்ரி. மற்றவர்கள் எல்லோரும் புதியவர்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக மூன்று கோல் முன்னிலை பெற்ற பிறகும் நிம்மதி இல்லை. ஸ்பெயின் விடாமல் துரத்தியது. 4-3 என்று மயிரிழையில்தான் தங்கம் கைக்கு வந்தது.

பல வலுவான நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஹாக்கியில் ஆறு அணிகளே ஆடின. ‘அதனால்தான் கிடைத்தது’ என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை. ஏழாம் இடத்தோடு ஊர் திரும்பிய பிறகு மறுபடி மட்டையை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. பாஸ்கரன் எடுத்தார்.

உடைந்த மட்டையும் பதினாறு போட்டிகளும்

பாஸ்கரனுக்கு உழைப்போடு தங்கமும் கிடைத்தது. உழைப்பு மட்டும் கிடைத்து, ஒலிம்பிக் பதக்கம் கிடைக்காதவர் ஒருவர் இருக்கிறார். தன்ராஜ் பிள்ளை.

புனேவை அடுத்த கட்கியில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அப்பா நாகலிங்கம் பிள்ளை, அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நான்காவது மகன் தன்ராஜ். புது மட்டை வாங்கப் பணம் கிடையாது. உடைந்த மட்டைகளைக் கட்டி ஒட்டவைத்துத்தான் சகோதரர்கள் ஆடப் பழகினார்கள். மாஸ்கோ தங்க அணியில் ஆடிய முகமது ஷாகித்தின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அதே போல் ஆட முயன்ற பையன், 1989-ல் இந்திய அணிக்குள் வந்தான்.

அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. மொத்தம் பதினாறு பெரிய போட்டிகள். 1998-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம். ஊர் கொண்டாடியது.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அடுத்த தொடருக்கான அணியில் தங்கம் வென்ற கேப்டனுக்கே இடம் இல்லை. அவரோடு வேறு சில மூத்த வீரர்களுக்கும் இல்லை. ‘ஓய்வு கொடுத்திருக்கிறோம்’ என்று காரணம் சொல்லப்பட்டது.

தன்ராஜ் கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். வீரர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் வாய்விட்டுப் பேசியவர். ஆனால் கோபித்துக்கொண்டு மைதானத்தைவிட்டுப் போகவில்லை. திரும்ப அணிக்குள் வந்து 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார். அங்கே போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா முன்னிலையில் இருந்தது. வென்றால் அரையிறுதி. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. அரையிறுதி வாசல் சாத்திக்கொண்டது.

அந்த ஒரு கோலுக்குப் பிறகு எத்தனையோ பேர் மட்டையைப் பரணில் போட்டிருப்பார்கள். தன்ராஜுக்கு அப்போது 32 வயது. முன்கள ஆட்டக்காரருக்கு அது ஓய்வு வயது. அவரோ 2003-ல் அணியை நடத்திச் சென்று ஆசியக் கோப்பையை வென்றார். 2004-ல் 36 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் களம் இறங்கினார். அங்கேயும் பதக்கம் இல்லை.

பாஸ்கரனிடம் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது. தன்ராஜிடம் வெண்கலம்கூட இல்லை. அதற்காகத் தன்ராஜ் குறைவாக உழைத்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? உழைப்பை வைத்துப் பதக்கத்தைக் கணக்குப் போட முடியாது. பதக்கத்தை வைத்தும் உழைப்பைக் கணக்குப் போட முடியாது. வீட்டுப் பெரியவர்களின் கேள்விக்கு நேர்மையான பதிலின் முதல் பாதி இதுதான்.

ஏழு கோல் வாங்கிய மதில்

இரண்டாவது பாதியைச் சொல்ல ஒரு கோல்கீப்பர் வேண்டும்.

கேரளத்தின் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கோல்கீப்பர் கவச உடைகள் விலை அதிகம். அவற்றை வாங்கித் தர அப்பா மாட்டை விற்றார் என்பதை ஸ்ரீஜேஷே பலமுறை சொல்லியிருக்கிறார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன அணியில் அவர் இருந்தார். அந்த அணி ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து டோக்கியோ. 2021 ஜூலை 25 அன்று இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றது. கோலைக் காத்து நின்றவர் ஸ்ரீஜேஷ். இந்திய அணியின் ‘சுவர்’ என்று பெயர் எடுத்தவரைத் தாண்டி ஏழு பந்துகள் உள்ளே போயின. உலகமே பார்த்தது.

ஜூலை 27 அன்று அடுத்த ஆட்டம், ஸ்பெயினோடு. இந்தியா 3-0 என்று வென்றது. ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு நாள்.

அந்த அணி அதே ஒலிம்பிக்கில் இதை இன்னொரு முறையும் செய்தது. ஆகஸ்ட் 3 அன்று அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2-5 என்று தோல்வி. தங்கக் கனவு போயிற்று. ஆகஸ்ட் 5 அன்று வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு ஆட்டம். ஒரு கட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-4 என்று முன்னேறியது. ஆறு நொடி மிச்சம் இருந்தபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வந்தது.

2024-ல் பாரிஸிலும் இதே கதைதான். ஆகஸ்ட் 6 அன்று அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோல்வி. ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடி வெண்கலம். ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் அது.

மூன்று முறையும் நடுவில் ஒரே ஒரு நாள். அந்த நாளில் கேமராக்கள் இல்லை, கூட்டம் இல்லை. தோற்ற உடம்பைப் படுக்கையிலிருந்து எழுப்பி, சாப்பிட வைத்து, தப்பு எங்கே நடந்தது என்று வீடியோவில் தன் முகத்தையே பார்த்து, அடுத்த அணிக்காகத் தயாராக வேண்டும். பதக்கம் கழுத்தில் விழுந்தது மாலையில். வெல்லப்பட்டது அந்த நடு நாளில். லண்டனில் கடைசி இடம் பிடித்ததற்கும் டோக்கியோவில் கடைசி ஆறு நொடியைக் காத்ததற்கும் நடுவே அப்படிப்பட்ட நாட்கள் ஒன்பது ஆண்டுகளாக நீண்டு கிடந்தன.

கைதட்டல் கிடைக்காத ஓட்டம்

ஹாக்கியில் போட்டி வெறி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், அடுத்த முறை பெனால்டி கார்னர் வரும்போது கோல் அடிப்பவரைப் பார்க்காதீர்கள். எதிரே ஓடி வருகிறவரைப் பாருங்கள்.

கோல் கம்பத்துக்குள்ளும் பக்கத்திலும் தற்காக்கும் அணியிலிருந்து ஐந்து பேர்தான் நிற்கலாம், கோல்கீப்பரையும் சேர்த்து. கோலின் அகலம் 3.66 மீட்டர். பின்கோட்டிலிருந்து பந்து தள்ளிவிடப்பட்டதும், அது வட்டத்துக்கு வெளியே போய் நிறுத்தப்பட்டு, மட்டையால் இழுத்து வீசப்படும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்த வீச்சை நோக்கி, முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒருவர் நேராக ஓட வேண்டும். பந்து தன் மேல் பட்டாலும் பரவாயில்லை என்று ஓட வேண்டும். இந்திய அணியில் அந்த ஓட்டத்துக்குப் பெயர் போனவர் ஒடிசாவின் அமித் ரோஹிதாஸ்.

கோல் அடித்தவர் பெயர் பலகையில் வரும். ஓடித் தடுத்தவர் பெயர் எங்கும் வராது. வராது என்று தெரிந்துதான் ஓடுகிறார்.

பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மிச்சம் நாற்பது நிமிடத்துக்கும் மேலே பத்துப் பேர்தான் ஆட வேண்டும். ஒருவருடைய ஓட்டத்தைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது. அன்று திடீரென்று யாருக்கும் கூடுதல் மூச்சு வந்துவிடவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி மைதானத்தில் ஓடிச் சேர்த்து வைத்த மூச்சு அது.

சத்துவாச்சாரிக்காரர் தொடாத வாய்ப்பு

உழைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை வதைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஹாக்கியைவிட்டுச் சற்று விலகி, விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். அப்பா சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர். அவரும் தேசிய அளவில் பளு தூக்கியவர். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 22 வயதில், 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார் சதீஷ்.

அடுத்த காமன்வெல்த் போட்டிக்கு முன்பு, தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம். சரியாக உட்காரக்கூட முடியாத வலி. பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்று பின்னர் அவரே சொன்னார். ஆனாலும் 2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் மேடை ஏறினார். முழு உடல்தகுதி இல்லாமலே 144 கிலோவும் 173 கிலோவும் தூக்கினார். மொத்தம் 317. மறுபடி தங்கம்.

அன்று கவனிக்க வேண்டியது இன்னொன்று. தங்கம் உறுதியானதும் தன் கடைசி வாய்ப்பை அவர் பயன்படுத்தவே இல்லை. காயத்தோடு இருக்கும் தொடையை வைத்துக்கொண்டு இன்னும் நான்கு கிலோ கூடத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படவில்லை. எப்போது தூக்க வேண்டும் என்பதோடு எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பல ஆண்டுகள் தினமும் தன் உடம்போடு பழகியவருக்குத்தான் அந்தக் கணக்கு பிடிபடும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

தோல் தொழில் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பச்சைத் தோலை ஊறவைக்க வேண்டும், சுண்ணாம்பில் போட வேண்டும், முடி நீக்க வேண்டும், சதை சீவ வேண்டும், பிறகுதான் பதனிட வேண்டும். ஆர்டர் அவசரம் என்பதற்காக நடுவில் ஒரு வேலையைத் தாண்டினால் தோல் காட்டிக் கொடுத்துவிடும். விளையாடும் உடம்பும் மனதும் அப்படித்தான்.

இன்று தமிழ்நாட்டில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் மாவட்டத்துக் கார்த்தி செல்வம் இருவரும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தியின் மட்டையிலிருந்து வந்தது. கோவில்பட்டியில் ஹாக்கி நேற்று முளைத்தது அல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய அணிக்கு வரவில்லை. அவர்கள் போட்ட அடிவரிசையின் மேல்தான் இந்த இருவரும் நின்றார்கள்.

அப்படியானால் ‘என்ன கிடைக்கப் போகிறது?’ என்ற கேள்விக்கு என்ன பதில்? பதக்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஏழு கோல் வாங்கிய மறுநாள் எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை, பரீட்சையில் மதிப்பெண் குறைந்த மறுநாளும் எழுந்து நிற்கும். வேலை கிடைக்காத மறுநாளும், கம்பெனியில் ஆள் குறைப்பு என்று சொன்ன மறுநாளும் எழுந்து நிற்கும். இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட மறுநாள்களைப் பார்க்காத குடும்பம் குறைவு.

அந்த வெறியை வெளியிலிருந்து யாரும் ஊட்ட முடியாது. திட்டினாலும் வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாலும் வராது. பெரியவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாலையில் பிள்ளை அழுக்குச் சட்டையும் தொங்கிய முகமுமாக வீட்டுக்கு வரும்போது ‘ஜெயிச்சியா?’ என்ற கேள்வியை ஒத்திவைக்கலாம். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, ‘காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?’ என்று மட்டும் கேட்கலாம்.